பார்வையற்ற மாணவருக்குப் புத்தகத்தை ஸ்கேன் செய்து தர யாருடைய அனுமதியும் வேண்டாம்

இளங்கலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்தியுடன் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். பாடநூல் ஒன்றை ஸ்கேன் செய்து தரும்படி கேட்டாள். "காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்காதும்மா, பதிப்பாளர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வா" என்றார்கள். பதிப்பகத்துக்கு எழுதினாள், பதில் வரவில்லை. மறுபடி போனால் முதல்வரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். முதல்வர் அலுவலகத்திலோ, நூலகரின் பரிந்துரைக் குறிப்பு எங்கே என்றார்கள். இதற்குள் பருவத் தேர்வே வந்துவிட்டது. தோழி ஒருத்தி இரவு இரவாகப் போனில் வாசித்துக் காட்டியதைக் கேட்டுத்தான் தேர்வு எழுதினாள்.

இத்தனை அலைச்சலும் வீண். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் பிரிவு 52(1)-இன் இசட்.பி. (zb) உட்பிரிவு இதற்காகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வாசிப்பதற்காக, எந்தப் படைப்பையும் அவருக்கு எட்டும் வடிவத்துக்கு யார் வேண்டுமானாலும் மாற்றித் தரலாம். பிரெயில், ஒலிநூல், கணினி வாசிக்கும் எழுத்துக்கோப்பு எதுவானாலும் சரி. சொந்த வாசிப்பு, கல்வி, ஆராய்ச்சி மூன்றும் இதில் அடங்கும். அது காப்புரிமை மீறல் ஆகாது. பதிப்பாளரின் அனுமதியும் தேவையில்லை. பார்வையற்றோர் போன்றவர்களுக்குப் புத்தகம் எட்ட வழிசெய்யும் மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல், ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். அந்த நாட்டில்தான் நூலக மேசையில் இந்த மாணவி கடிதம் கேட்டு அலைக்கழிக்கப்பட்டாள்.

அதனால் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்க அநேகமாக யாரும் துணிவதில்லை. நான் பார்த்த வரையில் பாதி இடங்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த பொறி 40 சதவீதம். இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்ற வரம்பு உண்டு. அதையே நூலகத்திலும் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். மேலே சொன்ன உட்பிரிவில் எந்தச் சதவீதமும் கிடையாது. முழுப் பார்வையின்மை மட்டும்தான் என்பதும் தவறு. குறைபார்வை உள்ளவர், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர், கை செயல்படாததால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவர் எல்லோரையும் மராகேஷ் உடன்படிக்கை பயனாளிகளாகவே சொல்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

சரி, ஒவ்வொரு புத்தகத்தையும் நாமேதான் ஸ்கேன் செய்ய வேண்டுமா? அதற்குத்தான் சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்நூலகம். 2016 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. பார்வையற்றோருக்கு எட்டும் வடிவில் புத்தகம் தயாரிக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா இதில் பங்கேற்கிறது. உறுப்பினரானால் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் பதிவில்தான். அந்தக் கூட்டமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் அமைப்பு ஒன்று உங்கள் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த அமைப்பில் யாரும் கணினியைத் திறக்கவில்லை என்றால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் போன் செய்து, இப்போது ஒப்புதல் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டு அந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் நகலில் எழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரியட்டும்.

இன்னொரு வேதனை, "பி.டி.எஃப். கொடுத்தாச்சே" என்ற பதில். பக்கத்தைப் படம் பிடித்த பி.டி.எஃப்., திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு வெறும் வெள்ளைத்தாள்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அதைவிட மோசம். பாமினி எழுத்துருவில் இருக்கும் "அம்மா" என்ற சொல்லை அந்த மாணவியின் கணினியில் எழுத்தெழுத்தாகக் கேட்டோம். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, காதுக்குக் குப்பையாக வந்தது. எனவே கடிதத்திலேயே "யூனிகோடு எழுத்துக்கோப்பாக, அல்லது இ-பப் (EPUB) மின்நூலாக" என்று எழுதுங்கள். பதிப்பகம் உதவ முன்வந்தால் அச்சுக்கு அனுப்பிய மூலக்கோப்பைக் கேளுங்கள், அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. படக்கோப்புதான் கையில் இருக்கிறது என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகள் ஓரளவு நன்றாகவே வரும். பிழை திருத்த ஒரு ஆள் வேண்டும். பழைய இலக்கியம் என்றால் ஸ்கேன் செய்யும் முன் மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகங்களைப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் எழுத்துக்கோப்பாகவே கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி உருவாக்கிய கோப்பை ஊருக்கே திறந்த வாட்ஸ்அப் குழுவிலோ டெலிகிராமிலோ போடாதீர்கள். மாற்றுத்திறனாளி அல்லாதவர் கைக்குப் போனால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது, உதவி செய்த நண்பர்தான் மாட்டிக்கொள்வார். பணமும் அப்படித்தான். தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம், லாபம் வைக்கக் கூடாது. "பதிவுக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடிதம் கொடுத்தும் அசையவில்லை என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாநில ஆணையரிடம் புகார் செய்யுங்கள். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதை அந்த அலுவலகம் 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புகாருடன் ஒப்புகை போட்ட கடித நகலை இணையுங்கள். அது இல்லாமல் போனால் "எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை" என்பார்கள். மாணவர் என்றால் பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், 300 பக்கப் புத்தகம் ஒன்றைப் பிழை திருத்தி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.