கடைக்கு ‘ஃபுட் சேஃப்டி’ என்று ஒருவர் வந்தால்

கழுத்தில் அட்டை தொங்குகிறது, கையில் ஃபைல், கூடவே இரண்டு பேர். வந்ததும் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து பார்க்கிறார். நம் கடைக்காரர்கள் பலர் அந்த இடத்திலேயே ஆடிப்போய் விடுகிறார்கள், அவர் யார், எந்த ஊருக்கு அதிகாரி என்று கேட்கத் தோன்றுவதில்லை. போலி ஆசாமிகள் வாழ்வதே இந்தப் பயத்தில்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5-இல். மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர்தான் அறிவிக்கை போட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கிறார் (பிரிவு 37). அந்த அறிவிக்கையிலேயே அவருக்கான பகுதியும் இருக்கும். ஆக, அதிகாரம் அட்டையில் இல்லை, அறிவிக்கையில் இருக்கிறது. உரிய தகுதியுள்ள வேறு துறை அதிகாரிக்கும் மாநில அரசு இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம், அதனால் துறை வேறு என்பதற்காக மட்டும் ஒருவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால், மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். உணவு வியாபாரத்தில் பங்கு வைத்திருப்பவரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது என்றும் விதி இருக்கிறது.

சரி, அவர் உண்மையான அலுவலர்தான். கடைக்குள் வரலாம், சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகமான சரக்கைக் கைப்பற்றலாம். ஆனால் மாதிரியைச் சும்மா அள்ளிக்கொண்டு போக முடியாது, நீங்கள் வாடிக்கையாளருக்கு விற்கிற விலையை அவர் கொடுத்தாக வேண்டும். முதலில் எழுத்தில் நோட்டீஸ், அப்புறம் மாதிரியை நான்காகப் பிரித்துத் தனித்தனியாகத் தடித்த தாளில் சுற்றி, மேல் ஒரு சீட்டு ஒட்டி, நூல் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். உங்கள் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும், பின்னால் யாரும் பிரித்து மாற்றினால் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். நான்கில் ஒன்று, மாதிரியைச் சோதித்து அறிக்கை தரும் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, செலவு உங்களுடையது. பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் மேல் ஆய்வகம் சொல்வதுதான் முடிவு என்பதால், கேட்டு வைப்பது நல்லது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

இந்தச் சட்டப்படி அபராதம் என்று உங்கள் கல்லாவிலிருந்து பணம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் அதிகாரம் அந்த அலுவலருக்குக் கிடையாது. அபராத வழக்கை விசாரித்து முடிவு செய்பவர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்ட்ரேட் நிலைக்குக் குறையாத நிர்வாக அதிகாரி, தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர். சிறு வியாபாரிகள் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அதற்கு ஆணையர் அதிகாரம் கொடுத்திருப்பது நியமன அலுவலருக்கு.

காரணமில்லாமல், தொல்லை கொடுப்பதற்காகவே சரக்கைக் கைப்பற்றியிருந்தால் அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு (பிரிவு 39). கோபத்தில் உடனே புகார் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள், பொய்ப் புகார் என்று தெரிந்தால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் உங்கள் தலையில் விழும்.