பிங் போகிறது, வேலை ஏன் நிற்கிறது?

"பிங் போகுது சார், நெட்வொர்க்ல ஒண்ணும் இல்ல." பிங் என்பது ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. பல கணினிகளை (நோட்களை) இணைத்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டரின் பராமரிப்பில் இந்த வார்த்தையை நம்பி வீணடித்த இரவுகள் எனக்கு உண்டு.

16 நோட் கிளஸ்டர் ஒன்றில் பழுதான சுவிட்சை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, 4 நோட்களை அதில் இணைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் பிங் போனது. என் மேசைக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலமும் நுழைய முடிந்தது. ஆனால் எம்பிஐ (பல நோட்கள் தமக்குள் தகவல் பரிமாறிக் கணக்கிடும் முறை) வேலைகள் தொடங்கிய சிறிது நேரத்தில் அசையாமல் நின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஓர் ஆராய்ச்சி மாணவரின் கணக்கீடு இரண்டு நாள் அப்படியே தொங்கியது.

காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. நோட்களில் 9000 பைட் என்று வைத்திருந்தோம். புதிய சுவிட்சில் ஜம்போ ஃபிரேமை (1500 பைட்டைத் தாண்டும் பாக்கெட்டுகளை ஏற்கும் வசதியை) இயக்க மறந்துவிட்டோம். லினக்ஸில் பிங் வழக்கமாக அனுப்புவது 56 பைட் தரவு. அது எந்த வழியிலும் நுழைந்துவிடும். டிசிபி இணைப்பு உருவாகும்போது போய்வரும் பாக்கெட்டுகளும் சிறியவையே. பெரிய தரவு கிளம்பியதும் சுவிட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அது ஐபி முகவரியைப் பார்க்காத இரண்டாம் அடுக்கில் வேலை செய்வதால் "பாக்கெட் பெரிது" என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லாது. என் மேசைக் கணினியின் எம்டியூ 1500 என்பதால் எஸ்எஸ்ஹெச்சுக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

ஆகவே பிங்கை முழு அளவில் அனுப்புங்கள். 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தலைப்புக்கு 8 போக 8972 பைட். 1500 என்றால் 1472. துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அனுப்பும் நோட்டிலேயே எம்டியூ தவறாக இருந்தால், அது பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்பி, தவறை மறைத்துவிடும்.

தலைமை நோட்டிலிருந்து மட்டும் சோதிப்பதும் போதாது. ஒவ்வொரு நோட்டிலிருந்தும் மற்ற 15-க்கும் அனுப்பினால் 240 சோதனை. அன்று அதில் 108 தோற்றன. அத்தனையிலும் அந்த நான்கில் ஒன்றாவது இருந்தது. பட்டியலைப் பார்த்ததுமே சுவிட்ச்தான் என்று புரிந்துவிட்டது.

குபெர்னெட்டஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் போர்ட்டுகளையும் பாருங்கள்: அதன் தரவுக் கிடங்கான எட்சிடிக்கு 2380, ஒவ்வொரு நோட்டிலும் ஓடும் முகவரான கியூப்லெட்டுக்கு 10250. ஃபயர்வால் ஒரு திசையில் மட்டும் புதிய இணைப்பைத் தடுக்கலாம், அதனால் இரு பக்கமிருந்தும். இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபியில், போர்ட் சோதிக்கும் கருவியான நெட்கேட் "வெற்றி" என்று காட்டினாலும் நம்பாதீர்கள். பதிலே வராததையும் அது திறந்த போர்ட்டாக எடுத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் சுவிட்சோ கேபிளோ மாறினால், 240-உம் தேறும்வரை அந்த நோட்களை ஸ்லர்மில் (வேலைகளை நோட்களுக்குப் பகிரும் மென்பொருள்) புதிய வேலை ஏற்காத டிரெயின் நிலையிலேயே வைத்திருக்கிறேன்.