பிள்ளை யாருக்கு?

"எனக்குத்தானே மிஸ் பிள்ளை கிடைக்கும்?"

நான் சட்டத்தரணி. பிரியும் தம்பதிகளில் ஒருவர் என் கந்தோருக்கு வந்து கதிரையில் இருக்க முன்னரே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் தாயென்றால், சின்னப்பிள்ளை எப்படியும் அம்மாவுக்குத்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். தகப்பனென்றால், ஆம்பிளைப் பிள்ளை அப்பாவுக்கு என்று வேறு யாரோ. இரண்டுமே அரைகுறை.

இலங்கையின் பொதுச் சட்டம், ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். விவாகரத்து ஆகாமல் பிரிந்து மட்டும் இருக்கும் காலத்தில், அந்தச் சட்டம் தகப்பனுக்கு ஒரு முன்னுரிமை கொடுத்தது. பிள்ளையின் உயிருக்கோ சுகத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் தாயால் அதை உடைக்க முடிந்தது. பழைய தீர்ப்புகளை வாசித்தால் இது அப்பட்டமாகத் தெரியும். காலம் போகப் போக நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை முன்னுக்குக் கொண்டு வந்துவிட்டன. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991 இல் ஏற்றதும் அதற்குப் பக்கபலம்.

கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து வரும் முஸ்லிம்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பின்பற்றும் ஷாஃபி சட்ட மரபில் சின்ன வயதில் பிள்ளை தாயிடம். தாய்க்கு அடுத்தது தாயின் தாய். ஆனால் பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதை, முஸ்லிம்களின் விவாகரத்தை விசாரிக்கும் காதி நீதிமன்றம் தீர்க்காது, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சரி, நலன் என்றால் என்ன? ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். தகப்பன் கடற்றொழில். மனைவி சரியில்லை என்று காட்ட வாட்ஸ்அப் செய்திகளைப் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைல் நிறையக் கொண்டு வந்திருந்தார். தாயிடம் இருந்தது மூலை மடிந்த ஒரு கிளினிக் கொப்பி மட்டும். மகளுக்கு இழுப்பு வருத்தம் (ஆஸ்துமா). மூன்று வருடத்துத் திகதிகள், மருந்தின் அளவு, இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்கள் எல்லாம் அதில். பிள்ளை இப்போது என்ன மருந்து இழுக்கிறாள் என்று நீதிபதி தகப்பனிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய சட்டத்தரணி, எனக்கும் தெரியாது.

வாட்ஸ்அப் ஃபைலை யாரும் திறக்கவில்லை. பிள்ளையை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். காலையில் யார் தலை பின்னி விடுவது, ஹோம்வேர்க் யாரோடு, யாருக்குப் பயம், இப்படித்தான் கேள்விகள். நன்னடத்தை உத்தியோகத்தர் இரண்டு வீடுகளுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். மகள் தாயிடமே இருந்தாள். சனி காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை தகப்பனிடம். கடலுக்குப் போகாத நாள் பார்த்து அந்த இரண்டு நாட்களைக் கேட்டுப் பெற்றதுதான் அந்த வழக்கில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. திருகோணமலைக் கோட்டைக்குள் மான் பார்க்கக் கூட்டிப் போவதாக அவர் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

நல்ல கணவன் யார், நல்ல மனைவி யார் என்று தீர்க்கிற இடமல்ல இது. கெட்ட கணவன் நல்ல அப்பாவாக இருக்கலாம். அடி உதை இருந்த வீடு வேறு கதை: 2005 இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்குப் பிள்ளை வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு மெய்யாகவே கோபம் வருவது ரியூஷன் வாசலில் ஓட்டோவை நிறுத்திப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மீதுதான். "பிள்ளை கையில் இருந்தால் வழக்கு நம் பக்கம்" என்று மச்சான்மார் ஏற்றிவிடுவார்கள். மற்றவர் மாகாண மேல் நீதிமன்றத்தில், பிள்ளையைக் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடுவார். யூனிபோர்மோடு பிள்ளை கோட்டுக்கு வரும். பழகிய வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுப் பிள்ளையைப் பிடுங்கியவர் என்ற பெயர் அதற்குப் பிறகு வழக்கு முழுக்கக் கூடவே வரும்.

அப்புறம் தாபரிப்பு, அதாவது பிள்ளையின் செலவுக்குக் கொடுக்கும் காசு. காசு தரவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பார்கள். காட்டவில்லை, ஆகவே காசு தர மாட்டேன் என்பார்கள். இரண்டும் வேறு வேறு வழக்கு. 1999 இன் 37ஆம் இலக்கச் சட்டப்படி தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தில். ஒன்றைப் பிடித்து மற்றதை நிறுத்த முடியாது.

கட்டளை ஒருமுறை வந்தால் அத்தோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். பன்னிரண்டு வயதில் ஒரு பையன், புதுப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா வீடு கிட்ட என்று சொன்னான். தாய் ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த தவணையிலேயே கட்டளையை மாற்றிக்கொண்டு மூவரும் வெளியே வந்தார்கள், பையன் நடுவில் தன் சைக்கிளை எந்த வீட்டில் விடுவது என்று கேட்டபடி.