"பேர் போடல்லையே சேர்!"

நோயாளியின் கதையைப் பேஸ்புக்கில் போட்ட இளம் டொக்டர் ஒருவரிடம் ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்பது, இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் எனக்குக் கிடைத்த பதில் தலைப்பில் இருப்பதுதான். எழுதுகிற இளம் டொக்டர்மாரே, உங்களுக்காகத்தான் இது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு (நாங்கள் ஆறு என்போம்) மேற்கே, படுவான்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர். நோயைக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் என்ன என்று சொல்லப்போவதில்லை. வாட்டில் அவரைப் பார்த்த ஒரு தம்பி, நைட் டியூட்டி முடிந்த கையோடு பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். நல்ல எழுத்து, பொய் சொல்லக்கூடாது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலைப் பாதையில் (ஆற்றைக் கடக்கிற மிதவைப் படகில்) ஏறி ஆற்றைக் கடந்து வந்தது, புருஷன் கட்டாரில், இருமல் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியது, எல்லாம் கண் முன்னால் நின்றது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். ஊர்ப்பெயரும் இல்லை. பதிவு நன்றாகவே பரவியது. அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பெண் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. 6 மாத மருந்தை நடுவில் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

பெயர்தான் ஆள் என்று யார் சொன்னது? கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போகிற வழியில் ஒரு கிழவி உங்களைப் பிடித்து நிறுத்தினால் பெயரையா கேட்பார்? "நீ ஆர்ர புள்ள மனே?" என்றுதான் கேட்பார். தகப்பன் எந்த ஊர், தாய் எந்தக் குடி, மூத்தக்கா எங்கே கட்டினவ என்று நாலு கேள்வியில் உங்கள் வீட்டுப் படலைக்கே வந்துவிடுவார். பெயரைக் கடைசியில் கேட்பார், கேட்காமலும் விடுவார். இப்படிப்பட்ட ஊரில் கட்டார்ப் புருஷன், கைக்குழந்தை, மாமியார், பாதை என்று எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்தால் நீங்கள் எதை மறைத்தீர்கள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் அன்று பின்னேரத்துக்குள்ளேயே ஆளைப் பிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் சட்டம் நோயாளியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அடையாளங்கள் என்று 18 வகையைப் பட்டியலிடுகிறது. பெயர் அதில் ஒன்றே ஒன்று. திகதி, சின்ன ஊர், படம் எல்லாம் அதில் வருகிறது. (படம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, எக்ஸ்ரேயைப் போடுகிறவர்கள் தயவுசெய்து அதன் மூலையில் என்ன அச்சாகியிருக்கிறது என்று ஒருதடவை பாருங்கள்.)

"அவர் காலமாகிட்டாரே" என்று, இறந்துபோன தன் நோயாளியைப் பற்றி எழுதிய இன்னொருவர் சொன்னார். டொக்டர்மாரின் உறுதிமொழியான 1948 ஜெனீவாப் பிரகடனத்தில், நோயாளி இறந்த பின்னும் இரகசியம் காக்க வேண்டும் என்ற சொல்லை 1968இலேயே சேர்த்துவிட்டார்கள், தம்பி.

எழுதாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும் டொக்டர்தான். நம்முடைய எழுத்தாளர் நந்தி யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே கதை எழுதினவர். எழுதுகிறவனுக்குக் காது கூர்மை. "நெஞ்சுக்குள்ள புகையுது டொக்டர்" என்று ஒரு அப்பு சொல்ல, நாங்கள் டிக்கட்டில் (நோயாளியின் குறிப்புத் தாளில்) 'நெஞ்சு வலி, 3 நாள்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். அந்தப் புகையைப் பிடித்துவைக்க எங்களில் யாராவது வேண்டும்தான்.

ஆனால் அன்றிரவே போடாதீர்கள். கொப்பியில் எழுதிப் பூட்டிவையுங்கள், ஆறு மாதம் கிடக்கட்டும், கெட்டுப்போகாது. கதையாக எழுதுவதென்றால் எலும்போடு மாற்றுங்கள்: வயது, தொழில், நோய், குடும்பம், இரண்டு மூன்று பேரை ஒன்றாக்குங்கள், கதை என்றே சொல்லிப் போடுங்கள். மருத்துவ சஞ்சிகைக்கு என்றால் விஷயமே வேறு, அங்கே உண்மையை மாற்றக்கூடாது, எழுத்தில் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் கட்டிலில் படுத்திருக்கிறவரிடம் கேட்காதீர்கள். "நீங்க செய்தா சரிதான் டொக்டர்" என்பார். அது சம்மதமா? ஊசி உங்கள் கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்? வீட்டுக்குப் போய்க் குணமான பிறகு, எழுதியதை வாசித்துக் காட்டிக் கேளுங்கள். அப்புறம், உங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்களேன். நீங்கள் பயந்த இரவு, பிழைவிட்ட நோய்க்கணிப்பு, இதையெல்லாம் ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? நோயாளியின் கண்ணீர்தான் லைக் வாங்குமா?

இந்தப் பதிவையும் அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டாரும் கைக்குழந்தையும் நான் மாற்றிப் போட்டவை. ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அவர் திரும்ப வந்தார். மருந்தும் ஒழுங்காகப் போகிறது. ஆனால் நான் கிளினிக் கொப்பியைத் திறந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, பேனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன கிழமை கேட்டார், "இது கொப்பிக்குள்ள மட்டும்தானே டொக்டர்?"