செரிமானம் நடக்கிறது, ஆனாலும் அஜீரணம்

“சாப்பிட்டது செரிக்கவில்லை, டாக்டர்.” மேல்வயிற்று வலி, எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவது, வெகுநேரம் ஆன பிறகும் இறங்காத கனம், குமட்டல் என்று எல்லாவற்றையும் இந்த ஒரே வாக்கியத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இப்படி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு உணவு ஒழுங்காகவே செரித்துக்கொண்டிருக்கும். கோளாறு வேறு எங்கேயோ இருக்கும். அது எங்கே என்று தேடுவதுதான் மருத்துவரின் வேலை.

இரைப்பையிலிருந்து தொடங்கலாம். வெறும் வயிற்றில் அது சுருங்கிக் கிடக்கும் ஒரு பை. உணவை விழுங்கியதும், மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், பையின் மேல்பகுதித் தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு லிட்டர் அளவுக்கு உள்ளே போனாலும் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. சிலருக்கு இந்தத் தளர்வு சரியாக நடப்பதில்லை. கொஞ்சம் உணவுக்கே வயிறு இறுகிவிடும். வேறு சிலருக்குத் தசை தளர்ந்தாலும் நரம்புகள் அளவுக்கு மீறி உணரும். இரைப்பைக்குள் சிறு பலூனை வைத்து மெதுவாகக் காற்றேற்றிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத அளவிலேயே இவர்களில் பலருக்கு வலி தொடங்கியது. இன்னும் சிலருக்கு இரைப்பை காலியாவதே தாமதமாகும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்து நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் இது கடுமையாக இருக்கலாம்.

அடுத்தது கிருமி. இரைப்பை அமிலத்தில் பாக்டீரியா பிழைக்க முடியாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைப் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டியபோதும் நம்பியவர்கள் குறைவு. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது; வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சர் என்றால் கவலையும் காரமும்தான் காரணம் என்றிருந்த நிலை மாறி, அதைப் பல நேரங்களில் ஆன்டிபயாட்டிக்கால் குணப்படுத்தலாம் என்று ஆனது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

அந்தக் கிருமி அமிலத்தில் பிழைப்பது யூரியேஸ் என்ற நொதியால். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அது தணித்துக்கொள்கிறது. இந்தப் பழக்கமே அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. கார்பன்-13 என்ற கார்பன் வகையால் அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால், அது உடைத்த யூரியாவின் கார்பன் மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடாக வெளிவரும். மலப் பரிசோதனையிலும் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். ஓமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைத்து, இல்லை என்று தவறான முடிவு காட்டக்கூடும். அதனால் இந்தப் பரிசோதனைகளுக்கு 2 வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போட்டதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வலி மாத்திரைகள் போடுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் குறைக்கின்றன. ஆனால் இரைப்பையின் சளிப் படலத்தைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மூட்டு வலிக்குத் தினமும் மாத்திரை போடுபவருக்கு வயிற்றில் புண் வருவது இப்படித்தான்.

மேல்வயிற்று வலி இரைப்பையிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு வலது பக்கம் பிடித்து, முதுகுக்கோ தோளுக்கோ பரவினால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகித்து அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். முதுகுவரை ஊடுருவும் கடும் வலி என்றால் கணையம். நடக்கும்போது வந்து, நின்றால் அடங்கினால் இதயம். வியர்வை, மூச்சுத்திணறலோடு வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம்; அப்போது ஜெலுசில் குடித்துக் காத்திருக்கக் கூடாது, உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.

ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது கேள்விகள்தான். எடை தானாகக் குறைகிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் தார் போலக் கருப்பாகப் போகிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, இரத்தசோகை இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட மாட்டார்கள். சுமார் 60 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் அப்படியே, புற்றுநோயை விலக்க வேண்டும் என்பதால். வயது குறைவு, இந்த அறிகுறிகளும் இல்லை என்றால் பெரும்பாலும் குழாயே வேண்டாம். முதலில் கிருமிப் பரிசோதனை, அப்புறம் சில வாரங்களுக்கு அமிலம் குறைக்கும் மருந்து.

எண்டோஸ்கோபி செய்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். “ஒன்றுமில்லையாம், எல்லாம் மனப்பிரமையாம்” என்று வீட்டில் பேச்சு எழுவது அப்போதுதான். அது பெரிய அநியாயம். புண் இல்லாமலே வலிக்கும் இந்த நிலைக்குச் செயல்பாட்டு அஜீரணம் என்று பெயர் உண்டு. தளராத தசையும் கூர்ந்த நரம்பும் எண்டோஸ்கோபி கேமராவில் தெரியாது, அவ்வளவுதான். இவர்களில் சிலருக்கு மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினை மிகக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த அளவில் அது வயிற்று நரம்புகளின் கூர்மையைத் தணிப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது.