கண்ணால் பார்க்காத தரவில் கணக்குப் போடுவது

புள்ளியியல் பழகியவர் புதிய கோப்பு கிடைத்ததும் முதலில் செய்வது, அதைத் திறந்து மேலிருந்து பத்து வரிகளைப் பார்ப்பதுதான். தரவை அது இருக்கும் இடத்திலிருந்து வெளியே எடுக்காமலேயே ஆராய உதவும் டேட்டாஷீல்டு மென்பொருளுக்கு வந்தால் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். ஒரு வரிகூடக் கண்ணில் படாது.

நோயாளிகளின் விவரங்கள் அந்தந்த மருத்துவமனையின் சர்வரிலேயே இருக்கும். ஆய்வாளர் தன் கணினியில் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் கட்டளை எழுதுவார். அது ஒவ்வொரு சர்வருக்கும் போகும், கணக்கு அங்கேயே நடக்கும், தொகுத்த எண்கள் மட்டும் திரும்பி வரும்.

சராசரி இரத்த அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் சர்வர் ‘200 பேர், கூட்டுத்தொகை 24,000’ என்கிறது. இரண்டாவது ‘300 பேர், 39,000’ என்கிறது. மொத்தம் 63,000-ஐ 500-ஆல் வகுத்தால் 126. வேலை முடிந்தது, யாருடைய அழுத்தமும் வெளியே தெரியவில்லை.

சரி, ரிக்ரஷன், அதாவது எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று அளக்கும் கணக்கு, போட வேண்டுமென்றால்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வயதுக்கும் எடைக்கும் நோயில் எவ்வளவு பங்கு என்று முதலில் ஒரு குத்துமதிப்பான விடையை எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்புகிறோம். ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள தரவோடு ஒப்பிட்டு, ‘இந்தப் பக்கம் இவ்வளவு நகர்த்து’ என்பதற்கான ஒரு சிறு எண் வரிசையையும் ஒரு சிறு அணியையும் (எண்களின் கட்டத்தையும்) திருப்பித் தரும். அவற்றைக் கூட்டி விடையைத் திருத்தி மறுபடி அனுப்புகிறோம். விடை நகராமல் நிற்கும்வரை இதே சுற்று. பெரும்பாலும் சில சுற்றுகளே போதும். கிடைப்பது தோராயம் அல்ல. எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டிக் கணக்கிட்டால் என்ன வருமோ, அதேதான்.

ஆனால் தொகுத்த எண்ணும் காட்டிக்கொடுக்கும். 50 பேரின் சராசரி 122. ஒருவரை விட்டுவிட்டு 49 பேருக்குக் கேட்டால் 121. 6,100-இலிருந்து 5,929-ஐக் கழித்தால் விடுபட்டவரின் அழுத்தம் 171 என்று அம்பலமாகிவிடும்! மிகச் சிறிய குழுவைப் பற்றிக் கேட்டால் மென்பொருளே மறுத்துவிடும். அந்த வரம்பைத் தரவின் சொந்தக்காரர் வைப்பார். ஆனால் 50-உம் 49-உம் சிறிய குழுக்கள் அல்லவே. அதனால் யார் என்ன கட்டளை கொடுத்தார் என்ற பதிவும், ஆய்வாளரோடு போடும் ஒப்பந்தமும் தேவைப்படுகின்றன. வெறும் மென்பொருளை நம்பி உட்கார முடியாது.

பழகும்போது எரிச்சல் தருவது வேறொன்று. மிகப் பெரிய மதிப்பு எது என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய மதிப்பு. யாரோ உயரத்தை 170-க்குப் பதில் 1700 என்று அடித்திருந்தால் நேராகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திட்ட விலக்கம், அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்று மோப்பம் பிடிக்க வேண்டும். புள்ளி வரைபடத்திலும் நிஜ ஆட்கள் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிலரின் நடுமையம்.

இதற்கெல்லாம் கை பழக உண்மையான நோயாளிகள் தேவையில்லை. டிஎஸ்லைட் என்ற தொகுப்பு, சொந்தக் கணினிக்குள்ளேயே சர்வர்கள் இருப்பதுபோல் நடிக்கும். பயிற்சித் தரவை மூன்றாகப் பிரித்துப் போட்டு, டேட்டாஷீல்டு வழியாக ஒருமுறை ரிக்ரஷன் ஓட்டுங்கள். அப்புறம் மூன்றையும் ஒட்டி, வழக்கமான ஆர் கட்டளையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.