பாட்டிலில் சின்ன இலை, மரத்தில் பெரிய இலை

“எங்கள் வீட்டுப் பாட்டிலில் இருக்கும் மணி பிளான்ட் இலை உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. பக்கத்துத் தெரு மாமரத்தில் ஏறிய கொடியின் இலையோ முறம் அளவுக்கு இருக்கிறது, ஓரமெல்லாம் பிளந்திருக்கிறது. அது வேறு செடியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரே செடிதான். பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு இதன் தாயகம். வளர்ப்பு மணி பிளான்ட் பூப்பது மிக மிக அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்பரெல்லின் ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனைத் தெளித்தபோது செடி பூத்தது. 

பூ இல்லை என்றால் விதையும் இல்லை. பாட்டிலில் உள்ளதும் மரத்தில் உள்ளதும் கொடியை வெட்டி வெட்டிப் பரப்பியவைதான். அப்புறம் எப்படி இலை மட்டும் இப்படி மாறுகிறது?

கொடியின் ஒவ்வொரு கணுவிலும் இலையோடு, வேராக நீளத் தயாரான சின்ன முண்டும் இருக்கும். மரப்பட்டையில் பட்டதும் அந்த வேர் பட்டை இடுக்குகளில் ஒட்டிக்கொள்கிறது. கொடி இப்படிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஏறத் தொடங்கியதும் நுனியின் போக்கே மாறிவிடும். தண்டு தடிக்கும். அடுத்த இலை முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும், அதற்கடுத்தது இன்னும் பெரிதாக. உயரத்தில் ஒரு மீட்டர் நீள இலைகூட வரும். அதன் பிளவுகள் காற்றில் கிழிந்தவை அல்ல, இலை வளரும்போதே உருவாகிறவை.

அதே கொடியில் ஒரு கிளை பிடி தவறித் தொங்கினால் எல்லாம் தலைகீழ். இலைகள் ஒவ்வொன்றாகச் சிறுக்கும், தண்டு மெலியும், கணுக்களுக்கு இடையே தூரம் கூடும். பெரிய இலையைத் தாங்க மரத்தின் துணை வேண்டும், நிறையத் தண்ணீரும் வேண்டும். துணை இல்லாத கொடிக்கு, இலையில் செலவழிப்பதைவிட நீண்டுபோய் அடுத்த மரத்தைத் தேடுவதே லாபம்.

மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? மணி பிளான்டின் உறவான மான்ஸ்டெரா இனம் ஒன்றைக் கோஸ்டா ரிகா காட்டில் ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார்கள். அதன் நாற்றுகள் ஒளியை நோக்கிப் போகவில்லை. இருட்டான பக்கத்தை நோக்கி ஊர்ந்தன, அங்கேதான் பெரிய அடிமரம் இருக்கும். மரத்தைத் தொட்டு ஏறிய பிறகு ஒளியை நோக்கி வளர்ந்தன. செடி ஒளியை நோக்கி வளரும் என்று பள்ளியில் படித்த நமக்கு இதைவிட அழகான விதிவிலக்கு கிடைக்காது!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கணுவோடு வெட்டிய துண்டு மண்ணிலும் வேர்விடும், தண்ணீரிலும் வேர்விடும். திருடி வைத்தால்தான் வளரும் என்பதை நம்ப வேண்டாம். கேட்டு வாங்கிய துண்டிலும் அதே கணுதான் இருக்கிறது. இலை தரையைத் தொட்டால் பணம் போகும் என்பதும் வீண் பயம். பெரிய இலை வேண்டுமென்றால் தொட்டியில் தேங்காய் நார் சுற்றிய தடித்த கம்பை நட்டு, கணுக்கள் நாரைத் தொடும்படி கட்டுங்கள். நார் ஈரமாகவே இருக்கட்டும், வேர் உள்ளே இறங்க அதுதான் முக்கியம். சுள்ளென்ற வெயில் படாத வெளிச்சமான இடம் போதும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாது. பூனையோ நாயோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையில் உள்ள, ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயைப் புண்ணாக்கும்.

மாமரத்துக் கொடியின் நுனியையே வெட்டிவந்து பாட்டிலில் வைத்தாலும் பலன் நிலைக்காது. பிடிக்க எதுவும் இல்லாததால் புதிதாக வரும் இலைகள் மறுபடி சிறுத்துப்போகும்.